தோளுக்கு ஒரு புது மூட்டு



"விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பது ஆசிரியர் நாள்தோறும் கூறும் சொற்றொடர். 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், அதனை எத்தனை ஆயிரம் முறை கூறியிருப்பேன் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. நான் கூறியவுடன் வகுப்பிலே பத்துப் பதினைந்து கைகள் சட்டென்று மேலே எழும். விடை சரியா, தவறா என்பதிலேதான் என் கருத்து இருந்ததேயன்றி, அந்தக் கைகள் எவ்வாறு எழுந்தன என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. என்னுடைய வலக்கை எழாமற் போன பிறகுதான் அந்த எண்ணமே எனக்குத் தோன்றிற்று. போனபிறகு அருமை தெரிகின்ற பொருள்களுள் தோளும் ஒன்று.

இன்று நான் பேசப்போவது தோள்மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைப் பற்றி. அதனைச் செய்துகொண்டவன் என்ற முறையிலே பேசுகிறேன். இளம்பருவத்தினராகிய உங்களுக்கு இச்செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இச்சிகிச்சை பெரும்பாலும் முதியவர்களுக்கே செய்யப்படுகிறது. ஆயினும், அம்முதியவரின் சட்டைக்குப் பொத்தான் போடுபவரும், தலையணையைச் சரிசெய்பவரும், மருத்துவர் கூறியதை நினைவில் வைத்திருந்து எடுத்துச் சொல்பவரும் வீட்டிலுள்ள இளைஞர்களே. அன்றியும், உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் பொறியியலாளராகலாம். இவ்விரு துறைகளும் கைகோத்து நிற்கும் இடங்களுள் இது ஒன்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே நாங்கள் கற்ற பாடம். ஆகவே உங்களுக்குத் தெரிந்த இரண்டு பொருள்களிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று அகல் விளக்கு, மற்றொன்று ஏணி.

கார்த்திகைக்கு ஏற்றும் சிறிய அகல் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை வையுங்கள். நம் தோள்மூட்டு ஏறக்குறைய அப்படித்தான் அமைந்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை பந்துபோல் உருண்டையானது. தோட்பட்டை எலும்பிலுள்ள கிண்ணமோ அகல்போல் ஆழமற்றது, சிறியது. எந்த நேரத்திலும் பந்தின் பரப்பிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. இடுப்பு மூட்டிலும் பந்து உண்டு. ஆனால் அங்கே கிண்ணம் ஆழமானது. பந்தை நன்கு கவ்விக்கொள்வது. இடுப்பு உறுதியாக நிற்கிறது. தோள் எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது. இயற்கை இடுப்புக்கு உறுதியைக் கொடுத்தது. தோளுக்கு விடுதலையைக் கொடுத்தது. அந்த விடுதலைக்கு ஒரு விலையும் வைத்தது.

அந்த விலை யாது? பந்து கிண்ணத்தைவிட்டு வழுக்கிவிடாதபடி, எந்நேரமும் யாராவது அதனைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையை நான்கு சிறிய தசைகள் செய்கின்றன. அவற்றின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து, சட்டைக் கையின் பட்டிபோல மேற்கை எலும்பின் தலையை முன்னும் பின்னும் மேலும் சூழ்ந்து நிற்கின்றன. இவற்றுக்கு மேலே, தோளின் வெளிப்புறத்தைப் போர்த்தினாற்போல ஒரு பெரிய முக்கோணத் தசை இருக்கிறது. கையைத் தூக்கும் வலிமை பெரும்பாலும் அதனுடையதே.

இனி ஏணிக்கு வருவோம். தரையிலே கிடக்கும் நீண்ட ஏணியைச் சுவரிலே சாத்தவேண்டுமானால் இருவர் வேண்டும். ஒருவர் அடிப்பகுதியைக் காலால் மிதித்துக்கொள்வார், மற்றவர் தூக்குவார். மிதிப்பவர் இல்லையென்றால் ஏணி நிமிராது. அடிப்பகுதி சறுக்கிக்கொண்டு போகும். தோளிலே தூக்குபவர் முக்கோணத் தசை. மிதிப்பவர்கள் அந்த நான்கு சிறிய தசைகள். அவற்றின் நாண்கள் அறுந்துவிட்டால், முக்கோணத் தசை எவ்வளவு இழுத்தாலும் எலும்பின் தலை மேல்நோக்கிச் சறுக்குமேயன்றிக் கை உயராது. இந்த ஏணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்திலே அது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது நடந்துகொண்டிருந்த காலம். ஒரு மழை நாளிலே பள்ளியின் படிக்கட்டிலே வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தேன். மாணவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று நான் கூறிய அந்த "ஒன்றுமில்லை"தான் என் வாழ்விலே நான் செய்த பெரிய தவறுகளுள் ஒன்று. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், மருத்துவரிடம் மட்டும் போகவில்லை. தலைமையாசிரியர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவதாவது என்ற வீண் பெருமையும் ஒரு காரணம்.

வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. கரும்பலகையின் மேற்பகுதியிலே எழுத முடியாமற் போயிற்று. நடுவிலிருந்து எழுதத் தொடங்கினேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஓய்வு பெற்றபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. தலை சீவ இடக்கையின் துணை வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் கொடியது இரவு வலி. வலப்பக்கம் ஒருக்களித்தால் விழிப்பு வந்துவிடும். நாய்கள் குரைப்பதையும் கடிகாரம் அடிப்பதையும் கேட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவுகள் பல.

கடைசியாக எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். எக்ஸ்ரே படமும் ஸ்கேன் படங்களும் எடுத்தார்கள். "34 ஆண்டுகள் கரும்பலகையிலே எழுதியதால் வந்த வினை இது" என்று நானே நோயைத் தீர்மானித்துச் சொன்னேன். மருத்துவர் புன்னகை செய்தார். "ஐயா, சுண்ணாம்புக்கட்டியின்மேல் பழி போடாதீர்கள். வயதினால் நலிந்திருந்த நாண்கள் நீங்கள் விழுந்தபோது கிழிந்திருக்கின்றன. அப்போதே வந்திருந்தால் தைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது அவை சுருங்கி உள்ளே போய்விட்டன, தசையும் மெலிந்துவிட்டது. பிடிப்பாரற்ற பந்து மேலே ஏறி உராய்ந்து உராய்ந்து, மூட்டும் தேய்ந்துவிட்டது" என்றார். எனக்கு நாணமாக இருந்தது. பாடத்தைத் தள்ளிப்போடாதே என்று பிள்ளைகளுக்குப் போதித்தவன், தன் பாடத்தைத் தள்ளிப்போட்டிருந்தான்.

ஊசி மருந்தும் உடற்பயிற்சியும் முதலிலே முயலப்பட்டன. மூட்டு மாற்றம் என்பது முதல் மருந்தன்று. மற்றவை பயன்படாதபோது எடுக்கப்படும் முடிவு. சில மாதங்கள் பார்த்தோம். இரவு வலி தணியவில்லை. பிறகுதான் மருத்துவர் மூட்டு மாற்றத்தைப் பற்றிப் பேசினார்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு சுவையானது. 1893ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரிலே ழூல் எமில் பேயான் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 37 வயதான ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் தோள்மூட்டைக் காசநோய் அரித்துவிட்டது. பேயான், பல் மருத்துவர் ஒருவர் செய்து கொடுத்த செயற்கை மூட்டை அவருக்குப் பொருத்தினார். பிளாட்டினக் குழாய், பாரபின் மெழுகிலே பதப்படுத்திய ரப்பர்ப் பந்து, இவைதாம் அதன் பாகங்கள். கை ஓரளவு பயன்பட்டது. ஆனால் நோய்த்தொற்று விடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த மூட்டை எடுத்துவிட நேர்ந்தது. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்துகள் தோன்றாத காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

அடுத்த பெரிய முயற்சிக்கு அரை நூற்றாண்டுக்குமேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கிலே சார்லஸ் நீர் என்ற மருத்துவர், மேற்கை எலும்பின் தலை நொறுங்கியவர்களுக்கு உலோகத்தாலான தலையைப் பொருத்தி, அதன் பயனை 1955ஆம் ஆண்டிலே எழுதி வெளியிட்டார். பின்னர், தேய்ந்த கிண்ணத்துக்கும் உறுதியான பிளாஸ்டிக்கினால் ஒரு மாற்றுக் கிண்ணம் அமைத்து, இரண்டையும் சேர்த்துப் பொருத்தினார். 1974ஆம் ஆண்டிலே அதன் விளைவுகளை அறிவித்தார். மூட்டு தேய்ந்து, தசைநாண்கள் மட்டும் நன்றாக இருப்பவர்களுக்கு இன்றும் இம்முறையே ஏற்றது.

ஆனால், என்னைப்போல் நாண்களை இழந்தவர் கதி என்ன? மிதிப்பார் இல்லாத ஏணிக்குப் புது ஏணி வாங்கி வைத்தாலும் அதுவும் சறுக்கத்தானே செய்யும்? இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டின் திஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன். 1985ஆம் ஆண்டிலே அவர் வகுத்த முறை, கேட்டால் வியப்பளிப்பது. அவர் மூட்டைத் தலைகீழாக மாற்றிவிட்டார்! கிண்ணம் இருந்த தோட்பட்டை எலும்பிலே பந்தைப் பொருத்தினார். பந்து இருந்த மேற்கை எலும்பிலே கிண்ணத்தை வைத்தார்.

இதனால் என்ன பயன்? பௌதிகம் படிப்பவர்கள் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். பந்து எலும்போடு எலும்பாக முடுக்கப்பட்டுவிட்டதால், அது மேலே சறுக்க வழியில்லை. ஏணியின் அடி ஒரு கல்லிலே முட்டுக்கொடுக்கப்பட்டுவிட்டது. அன்றியும், கை சுழலும் மையம் முன்னிருந்த இடத்தினின்றும் உட்புறமாகவும் கீழாகவும் தள்ளிவைக்கப்படுகிறது. நெம்புகோலிலே தாங்குபுள்ளிக்கும் விசை செயற்படும் இடத்துக்கும் உள்ள தூரம் மிகுந்தால் அதே விசை மிகுந்த பயன் தரும் என்று படித்திருக்கிறீர்களல்லவா? அதேபோல் முக்கோணத் தசைக்கு இங்கே நெம்புதூரம் மிகுகிறது. தசையும் சற்று இழுபட்டு முறுக்கேறுகிறது. ஆகவே, நான்கு துணைவர்களையும் இழந்த அந்தத் தசை ஏறக்குறையத் தனியாகவே கையை உயர்த்துகிறது. நீங்கள் தேர்வுக்காகப் படிக்கும் நெம்புகோல் பாடந்தான் இன்று என் தோளிலே இருந்து வேலை செய்கிறது.

எனக்கு இந்தத் தலைகீழ் மூட்டுத்தான் ஏற்றது என்றார் மருத்துவர். நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். "வலி போகுமா? கை முன்போல் ஆகுமா?" அவர் கூறிய விடையை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், ஏனெனில், இச்சிகிச்சை செய்துகொள்பவர் எதிர்பார்க்க வேண்டியது இன்னது, எதிர்பார்க்கக் கூடாதது இன்னது என்பது அதிலே அடங்கியிருக்கிறது. "பெரும்பாலோருக்கு வலி வெகுவாகக் குறைந்துவிடும். அதுவே முதற்பயன். கை தோள் உயரத்துக்கு மேல் எழும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதுக் கை திரும்பி வராது. கையை முதுகுக்குப் பின்னே கொண்டுபோவது கடினமாகவே இருக்கும். நான் மூட்டைத்தான் கொடுக்க முடியும். கையை நீங்கள்தான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்." கடைசி வாக்கியத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தீங்குகளையும் அவர் மறைக்கவில்லை. நோய்த்தொற்று, மூட்டு நழுவுதல், எலும்பு முறிதல், நரம்பு நலிதல், இரத்தம் உறைதல், நாளடைவிலே மூட்டுத் தளர்தல் ஆகியவை சிலருக்கு நேரலாம்; பலருக்கு நேர்வதில்லை. தோள்ப்பகுதித் தோலிலே இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்ணுயிர் மூட்டுக்குள் புகுந்தால் தொல்லை தரும் என்பதால் தூய்மைக்கு அவர்கள் தரும் இடம் பெரிது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கவேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் விடவேண்டும். சொத்தைப் பல் இருந்தால் முன்னரே கவனிக்கவேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் ஒவ்வொன்றையும், நாட்டு மருந்துகள் உட்பட, மருத்துவரிடம் கூறிவிடவேண்டும். அறுவைக்கு முன் எனக்கு இரண்டு வாரங்கள் இருந்தன. அந்நாள்களிலே இடக்கையால் உண்ணவும், பல் துலக்கவும், வேட்டி உடுத்தவும் பழகினேன். வீட்டிலே அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தோம். இந்த ஆயத்தம் பின்னர் பெரிதும் உதவிற்று.

சிகிச்சை நாள் வந்தது. மயக்க மருந்து கொடுப்பதோடு, கழுத்தின் பக்கத்திலே ஓர் ஊசியினால் கைக்குச் செல்லும் நரம்புகளையும் மரத்துப்போகச் செய்தார்கள். நோயாளியைச் சாய்வு நாற்காலியிலே அரையளவு உட்காரவைத்தாற்போல் கிடத்தி, தோளின் முன்புறத்திலே கீறித் திறக்கிறார்கள். முக்கோணத் தசையை அறுக்காமல், அதற்கும் மார்புத் தசைக்கும் இடையேயுள்ள இயற்கையான சந்தின் வழியாக உள்ளே செல்கிறார்கள். தேய்ந்த எலும்புத் தலையை அறுத்து நீக்கி, எலும்பின் உட்குழலிலே உலோகத் தண்டைச் செருகி, அதன் உச்சியிலே பிளாஸ்டிக் கிண்ணத்தையும், எதிரே தோட்பட்டை எலும்பிலே உலோகப் பந்தையும் பொருத்துகிறார்கள். இவ்வளவும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திலே முடிந்துவிடுகிறது. நான் அறிந்ததெல்லாம் கண்ணை மூடியதும் திறந்ததுமே.

விழித்தபோது என் வலக்கை என்னுடையதாகவே தோன்றவில்லை. விரலை அசைக்க நினைத்தேன், அசையவில்லை. அஞ்சிவிட்டேன். நரம்புக்குக் கொடுத்த மருந்தின் வேலை அது, மறுநாளைக்குள் உணர்ச்சி திரும்பிவிடும் என்று செவிலியர் விளக்கினார். முன்னரே சொல்லியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். அந்த மரப்பு நீங்கும்போது வலி தெரியத் தொடங்கும். அதற்குமுன்பே வலிமருந்தை உட்கொண்டுவிடவேண்டும். வலி முற்றியபின் மருந்தைத் தேடுவது, மழை வந்தபின் கூரை வேய்வது போன்றதாகும். இரண்டாம் நாள் தோளிலிருந்து முழங்கைவரை நீலம் பாரித்திருந்தது. அதுவும் இயல்பே, சில வாரங்களிலே மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் வீடு திரும்பினேன்.

அதன்பின் ஆறு வாரங்கள் கை தொட்டிலிலே கிடந்தது. துணியாலான அந்தத் தொட்டிலைக் கழுத்திலே மாட்டிக்கொண்டுதான் உறங்கவும் வேண்டும். படுக்கையிலே மல்லாந்து படுக்க முடியவில்லை. சாய்வு நாற்காலியிலே, முழங்கைக்கு அடியிலே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு அரைகுறையாக உறங்கினேன். விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டும். தோளை மட்டும் சொன்னபடிதான் அசைக்கவேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றலாகாது. கையைப் பின்புறம் கொண்டுபோகலாகாது. புது மூட்டு நழுவ அது ஒரு வழி. ஒரு தேநீர்க் கோப்பைக்கு மேற்பட்ட எடையைத் தூக்கலாகாது. நான் ஒருமுறை மறந்துபோய் நாற்காலியின் கையை ஊன்ற முயன்றேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, கை!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பள்ளி முழுவதையும் ஒரு சொல்லால் அடக்கிய நான், அந்தக் குரலுக்கு அடங்கி உட்கார்ந்தேன்.

ஆறு வாரங்கள் கழிந்தன. தொட்டிலைக் கழற்றினால் கை தானே எழும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கழற்றினார்கள். கை எழவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று மாலை யாருடனும் நான் பேசவில்லை. இவ்வளவு துன்பமும் வீணோ என்று நெஞ்சம் கலங்கிற்று. இந்தக் கட்டம் பெரும்பாலோருக்கு வரும் என்பதை யாராவது முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருந்தால் இவ்வளவு தளர்ந்திருக்கமாட்டேன். அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். அறுவை முடிந்த நாள் சிகிச்சை முடிந்த நாளன்று. தொட்டிலைக் கழற்றிய நாளே உழைப்புத் தொடங்கும் நாள்.

இயன்முறைப் பயிற்சி அளிக்க ஓர் இளம் பெண்மணி வந்தார். என் கடைசி வகுப்பு மாணவியரின் வயதுதான் இருக்கும். உங்கள் வடிவியல் பெட்டியிலுள்ள கோணமானியைப் போன்ற ஒரு கருவியால் என் கை எத்தனை பாகை உயர்கிறது என்று அளந்தார். 60 பாகை. ஒரு நோட்டிலே பயிற்சிகளை வரிசையாக எழுதி, நாளுக்கு மூன்று வேளை செய்து, செய்தவற்றுக்கு எதிரே குறியிடுங்கள் என்று கூறிச் சென்றார்.

இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் கையை உயர்த்தும்போது உள்ளே ஏதோ சொடுக்கினாற்போல் இருந்தது. மூட்டுக் கழன்றுவிடுமோ என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. பயிற்சியை நிறுத்திவிட்டேன். ஆனால் நோட்டிலே குறிமட்டும் இட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் அவர் வந்து நோட்டைப் பார்த்தார். பிறகு கோணமானியை வைத்தார். அதே 60 பாகை. சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஐயா, நோட்டு ஒன்று சொல்கிறது, தோள் ஒன்று சொல்கிறது" என்றார்.

எத்தனையோ மாணவர்களை நான் இவ்வாறு பிடித்ததுண்டு. பிடிபட்டது அதுவே முதல் தடவை. அச்சத்தைச் சொல்லி ஒப்புக்கொண்டேன். அவர் சினங்கொள்ளவில்லை. "பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எளிய பயிற்சியாக மாற்றித் தந்திருப்பேனே, ஐயா" என்றார். தோளைச் சோதித்துப் பார்த்து, அந்தச் சொடுக்கினால் தீங்கில்லை என்று விளக்கினார். படுத்தபடி, இடக்கையால் வலக்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தும் பயிற்சியைத் தம் முன்னிலையிலேயே செய்யவைத்தார். அன்றிரவு நான் நெடுநேரம் சிந்தித்தேன். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்களையெல்லாம் சோம்பேறிகள் என்றே நான் எண்ணி வந்திருக்கிறேன். அவர்களுள் எத்தனை பேர் அஞ்சியவர்களோ? "ஏன் செய்யவில்லை?" என்று அதட்டிக் கேட்ட நான், "எது உனக்குக் கடினமாக இருக்கிறது?" என்று எத்தனை பேரைக் கேட்டேன்? ஓய்வு பெற்றபின் கற்ற பாடமாதலால் இதனை என் வகுப்பிலே நடைமுறைப்படுத்த எனக்கு வாய்ப்பில்லை. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.

அதன்பின் ஒரு வேளையும் தவறவில்லை. சுவரிலே விரல்களால் ஏறும் பயிற்சி, கயிற்றையும் கப்பியையும் கொண்டு கையை உயர்த்தும் பயிற்சி, பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் வலிமையை வளர்க்கும் பயிற்சி எனப் படிப்படியாக நடந்தது. மூன்றாம் மாத முடிவிலே 95 பாகை. ஆறாம் மாதத்திலே 120 பாகை. ஓராண்டிலே 130 பாகை. இரவு வலியோ மூன்றாம் மாதத்திலேயே என்னைவிட்டு நீங்கிவிட்டது. விடியும்வரை உறங்குவது எத்துணை பெரிய செல்வம் என்பதை இழந்து பெற்றவனே அறிவான்.

இன்று என்னால் இயல்வது என்ன, இயலாதது என்ன? தலை சீவுகிறேன், சட்டையை நானே அணிகிறேன், அலமாரியின் நடுத்தட்டிலிருந்து புத்தகம் எடுக்கிறேன், வலக்கையால் உண்கிறேன். முதுகு தேய்க்க முடியாது. நீர் நிறைந்த குடத்தைத் தூக்க எனக்கு அனுமதியில்லை. கரும்பலகையிலே என் நெற்றி உயரம்வரை எழுதுவேன். அதற்குமேல் எழுத ஒரு பலகைமேல் ஏறி நிற்கவேண்டும். இது குறையா? முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் குறையன்று. இளமைக் கையோடு ஒப்பிட்டால் குறைதான். எதனோடு ஒப்பிடுவது என்பதை அறுவைக்கு முன்பே தீர்மானித்துக்கொள்பவர் மனநிறைவு அடைவார்.

இந்த மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். பத்துப் பேரிலே ஒன்பது பேருக்கு ஏறக்குறையப் பத்து ஆண்டுகளைக் கடந்தும் உழைக்கிறது என்பது மருத்துவர்களின் அனுபவம். ஆனால் எச்சரிக்கை என்றும் வேண்டும். தோள் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலே நீர் கசிந்தாலோ, திடீரென்று கை உயராமற் போனாலோ, "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். அந்தச் சொல்லை நான் கைவிட்டு வெகு நாளாயிற்று.

மாணவச் செல்வங்களே! முடிவாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ள தாத்தாவையோ பாட்டியையோ இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கை பாதியிலே நின்றுவிட்டாலும், முகம் சுளித்தாலும், இரவிலே தோள் வலியால் உறக்கமில்லை என்று கூறினாலும், அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். தோள்வலி எல்லாவற்றுக்கும் மூட்டு மாற்றம் வேண்டியதில்லை. பெரும்பாலானவை மருந்திலும் பயிற்சியிலுமே தீர்ந்துவிடும். காலத்தே சென்றால், என்னைப்போல் புது மூட்டுத் தேடவேண்டிய நிலைமை பலருக்கு வராமலே போகலாம். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும், ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.